மடக்குக் கத்தி மக்கர் செய்தால்: கழுவு, காயவை, எண்ணெய் விடு, பிறகே திருகாணி

தோட்டத்தில் மடக்குக் கத்திக்கு வேலை ஓய்வதில்லை. உரச்சாக்கு அறுக்க, கயிறு வெட்ட, பாக்குச் சீவ, நர்சரியில் மொட்டு எடுக்க, மத்தியானம் மாம்பழம் நறுக்க என்று எல்லாவற்றுக்கும் அதுவேதான். பகாவ் பக்கத்து ரப்பர் நர்சரியாக இருந்தாலும் சரி, ரந்தாவ், லாபு பக்கத்துச் செம்பனைக் காடாக இருந்தாலும் சரி, கத்தி இறுகிப்போய் நகம் உடைய இழுத்தாலும் திறக்காத நாள் ஒன்று வரும்.

அன்றைக்குப் பெரும்பாலோர் செய்வது இரண்டு காரியம். கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் திருகாணியைத் தளர்த்துவார்கள். இரண்டுமே செய்ய வேண்டியவைதான், ஆனால் கடைசியில். தோட்டத்துக் கத்தி இறுகுவதற்கு முக்கால்வாசி காரணம் அழுக்கு. உறைந்த ரப்பர் பால், உரத்தூள், துரு, ஈரத்தில் ஊறிய மரம் இவற்றில் ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். அதை எடுக்காமல் எண்ணெய் விட்டால் அழுக்கு குழம்பாகும். எடுக்காமல் திருகாணியைத் தளர்த்தினால் கத்தி திறக்கும், பூட்டு நிற்காது. அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே வரிசையில் போகிறது: கழுவுதல், காயவைத்தல், எண்ணெய், திருகாணி. பல கத்திகளுக்கு நான்காவது படி தேவையே படாது.

உங்கள் கத்தி எந்த வகை?

மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

*ஆணி அடித்த கத்தி.* அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் திருகாணி இருக்காது, தட்டி மழுக்கிய ஆணித்தலை மட்டும் தெரியும். நர்சரியில் மொட்டு ஒட்டும் பட்டிங் கத்திகளில் பல இந்த வகை. சுவிஸ் நாட்டு விக்டோரினாக்ஸும் அப்படித்தான். முதுகுப்பக்கத்து வில்தகடு அலகை அழுத்திப் பிடித்திருக்கும். இதைக் கழற்ற முடியாது, கழற்றவும் வேண்டாம்.

*வளையப் பூட்டுக் கத்தி.* மரக் கைப்பிடியின் கழுத்தில் சுழலும் உலோக வளையம் இருக்கும். பிரான்சின் ஓபினல் இதற்கு நல்ல உதாரணம். 1890-இல் தொடங்கிய கத்தி அது, வளையம் வந்தது 1955-இல். இதன் வியாதி மரத்தில்தான்.

*திருகாணிக் கத்தி.* இன்று பசார் மாலாமிலும் இணையத்திலும் விற்பவற்றில் பெரும்பாலானவை இவை. அலகு சுழலும் அச்சில் நட்சத்திரத் துளை போட்ட திருகாணி, அலகின் இரு பக்கமும் மெல்லிய வாஷர், திறந்ததும் உள்ளிருந்து வந்து முட்டுக்கொடுக்கும் பூட்டுத் தகடு. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வசதி உள்ளது இது ஒன்றுதான். அதனாலேயே அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான்.

தொடுவதற்கு முன்

1. அலகின் கூர்வாய் முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் இரண்டு சுற்று மூடுங்கள். இந்த வேலையில் கை அறுபடுவது வெட்டும்போது அல்ல. இறுகிய அலகு எதிர்பாராமல் சட்டென்று விடுபடும்போது.

2. கைப்பிடியைப் பிடிக்கும் விரல்கள் அலகு மடங்கி வரும் பாதையில் இருக்கக் கூடாது. கைப்பிடியின் இரு பக்கவாட்டையும் பிடியுங்கள், வாய்ப்பக்கத்து இடுக்கைச் சுற்றி விரலை மடக்காதீர்கள்.

3. இறுகிய அலகைப் பல்லால் கடித்து இழுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். குறட்டால் இழுப்பதானால் அலகின் முதுகில் தடித்த துணி சுற்றி, முதுகை மட்டும் பிடித்து இழுங்கள்.

4. மண்ணெண்ணெய் பயன்படுத்தும்போது வாசலில் உட்காருங்கள். பக்கத்தில் அடுப்பு, சிகரெட், கொசுவர்த்தி எதுவும் எரியக் கூடாது.

5. கீழே வெள்ளைத் துணி விரியுங்கள். சிமெண்டுத் தரையில் உருண்டோடும் திருகாணியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

*தேவையான பொருள்கள்:* பழைய பல் துலக்கும் பிரஷ், பல்குச்சி, காது குடையும் பஞ்சுக்குச்சி, பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், கொஞ்சம் மண்ணெண்ணெய், பழந்துணி, தையல் மெஷின் எண்ணெய், திருகாணிக் கத்தியானால் அதற்குப் பொருந்தும் நட்சத்திரத் திருப்புளி. எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவில்லை. திருப்புளியில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள்.

கையும் காதும் சொல்லும் நோய்

கத்தியைக் காதருகே வைத்து, மெதுவாகப் பாதிவரை திறந்து மூடுங்கள். கிடைக்கும் சத்தத்தை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நறநறவென்று அரைத்தால் உள்ளே மணலோ உரக்குருணையோ இருக்கிறது. இந்த நிலையில் மேலும் திறந்து மூடாதீர்கள். ஒவ்வொரு முறையும் வாஷரில் கோடு விழும்.

பிசுபிசுவென்று இழுத்து, விட்டால் கொஞ்சம் பின்வாங்கினால் ரப்பர் பால். அலகை நகர்த்தும்போது அச்சின் ஓரத்தில் மஞ்சள் கலந்த மெல்லிய நூல்கள் நீளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கிரீச்சென்று காய்ந்த சத்தம் வந்தால் துரு, அல்லது எண்ணெய் வற்றியிருக்கிறது. அச்சின் ஓரத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறம் ஒட்டினால் துருதான். நீலப்பச்சை நிறம் ஒட்டினால் பித்தளை வாஷரோ வெண்கல வாஷரோ அரிக்கத் தொடங்கிவிட்டது. பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா பட்ட கத்திகளில் இந்தப் பச்சையைப் பார்க்கலாம். செம்பு கலந்த உலோகத்துக்கும் அம்மோனியாவுக்கும் ஆகாது.

சத்தமே இல்லாமல் முழுக்க இறுகியிருந்து, கைப்பிடியும் மரமாக இருந்தால் மரம் ஊறியிருக்கிறது. அதற்குத் தனிப் பகுதி கீழே.

சத்தமும் இல்லை, அழுக்கும் இல்லை, கைப்பிடியும் மரமில்லை, அப்படியும் இறுக்கம் என்றால்தான் திருகாணியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதல் படி: கழுவுதல்

*சாதாரண மண், தூசு, பழச்சாறு*

1. வெந்நீரில் இரண்டு துளி சோப்புக் கரைத்துக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூடு போதும், கொதிக்கும் நீர் வேண்டாம்.
2. உலோகம், பிளாஸ்டிக் கைப்பிடியானால் கத்தியைப் பாதி திறந்து நீருக்குள் வையுங்கள். நீருக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு முறை திறந்து மூடுங்கள். மரமோ கொம்போ ஆனால் முக்க வேண்டாம், பிரஷை நனைத்துத் தேய்த்தால் போதும்.
3. பிரஷால் அச்சைச் சுற்றியும் கைப்பிடி இடுக்கின் அடிவரையும் தேயுங்கள். பாக்கெட் பஞ்சும் பாக்குத் தூளும் சேர்ந்து இடுக்கின் அடியில் கட்டியாகக் கிடக்கும். அலகு முழுசாக மடங்காததற்கே சில சமயம் அதுதான் காரணம். பல்குச்சியால் நெம்பி எடுங்கள்.
4. சுத்தமான நீரில் அலசுங்கள்.

*உரம் பட்ட கத்தி*

இதற்குக் காத்திருக்க நேரமில்லை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. வேதியியல்படி அது கடல் உப்புக்கு நெருங்கிய உறவு. 50 கிலோ சாக்குகளை வரிசையாக அறுத்துவிட்டு அப்படியே பையில் போட்ட கத்தி, நம் ஊர் ஈரக்காற்றில் ஓர் இரவிலேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று அலகில் அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். குளோரைடு தங்கிய இடத்தில் அதிலும் ஊசிமுனைக் குழிகள் விழும்.

சாக்கு அறுத்த அன்று மாலையே சோப்பில்லாத நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். உப்பைக் கரைக்க வேண்டியது தண்ணீர்தான், எண்ணெயில் உப்புக் கரையாது. உரம் பட்ட கத்திக்கு எண்ணெய் பூசி வைத்தால் உப்பை எண்ணெய்க்கு அடியில் பத்திரப்படுத்தி வைத்ததுபோல் ஆகும். போர்ட்டிக்சனில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

*ரப்பர் பால்*

இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும்.

பால் பச்சையாக இருக்கும்போது வெறும் தண்ணீரிலேயே போய்விடும். நர்சரியிலோ மரத்தடியிலோ வேலை முடிந்ததும் ஈரத்துணியால் அச்சைத் துடைப்பது அரை நிமிட வேலை. உறைந்த பிறகு அதே பால் அரைமணி வேலையாகிவிடும்.

உறைந்த பாலின் மேல் எண்ணெய் விடாதீர்கள். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி ஊறும், உப்பும், கொழகொழவென்று ஆகும். விட்டவுடன் கத்தி ஒரு நாள் சுகமாகத் திறக்கும். “பார்த்தியா தம்பி, எண்ணெய் விட்டதும் சரியாப் போச்சு” என்று கத்திக்காரரே சொல்வார். நாலாம் நாள் அந்த ஊறிய ரப்பரில் தூசு ஏறிக் கத்தி முன்பைவிட மோசமாகும். எண்ணெய் விட்டும் மறுபடி மறுபடி இறுகுகிற கத்தி இருந்தால் அநேகமாக இதுதான் நடந்திருக்கிறது.

முறை இது:

1. கத்தி நன்றாகக் காய்ந்திருக்கட்டும். காய்ந்த ஒட்டுப்பாலைப் பெருவிரலால் ஒரே திசையில் தேயுங்கள். உருண்டு திரண்டு வரும். ஒரு நுனி கிளம்பிவிட்டால் மெதுவாக இழுங்கள், நீளமாக உரிந்து வரும். வெளியே தெரிகிற பாலில் பெரும்பகுதி இப்படியே போய்விடும்.

2. இடுக்கில் உள்ளதைப் பல்குச்சியால் எடுங்கள். ஊசி, கத்திமுனை வேண்டாம். வாஷரைக் கீறும்.

3. எஞ்சியதற்கு, மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சுக்குச்சியை அச்சின் ஓரத்தில் அழுத்திப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ரப்பர் உப்பி வெளியே பிதுங்கும். இங்கே அந்த ஊறும் குணத்தை நாமே வேலைக்கு வைத்துக்கொள்கிறோம். உடனே துடைத்தெடுத்துவிடுவதுதான் வித்தியாசம்.

4. திறந்து மூடி, துடைத்து, மறுபடி மண்ணெண்ணெய் தொட்டு, துடைத்து, துணியில் மஞ்சள் வருவது நிற்கும்வரை செய்யுங்கள்.

5. கடைசியில் சோப்பு வெந்நீரில் கழுவி மண்ணெண்ணெயை முழுக்கப் போக்குங்கள். மரக் கைப்பிடியானால் சோப்பு நீர் தொட்ட பிரஷ் போதும்.

பெட்ரோல், தின்னர் இரண்டும் வேண்டாம். ரப்பரை வேகமாகக் கரைக்கும் என்பது உண்மைதான். பிளாஸ்டிக் கைப்பிடியையும் சேர்த்தே கரைக்கும். சட்டென்று தீயும் பிடிக்கும்.

பால் உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் கத்தியில் பட்டிருந்தால் முதலில் நிறையத் தண்ணீர், பிறகு மற்றவை. அமிலம் பட்ட கரி எஃகு அலகு கண்ணெதிரே கறுத்துப்போகும்.

*துரு*

மேலோட்டமான துருவுக்குக் கொஞ்சம் எண்ணெய் தொட்ட மிக மெல்லிய மணல்தாள், 600-க்கு மேற்பட்டது, போதும். அச்சுக்குள் துரு இருந்தால் ஊடுருவும் எண்ணெயைப் பீய்ச்சி இரவு முழுக்க விட்டு, காலையில் திறந்து மூடி, வரும் செம்பழுப்புச் சாற்றைத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: காயவைத்தல்

பலர் தாண்டிப்போகிற படி. வெளியே காய்ந்துவிட்ட கத்தியின் வாஷருக்கு இடையில் தண்ணீர் நிற்கும். அதன்மேல் எண்ணெய் விட்டால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

கத்தியை உதறுங்கள், அலகை உறுதியாகப் பிடித்துக்கொண்டு. துணியால் துடைத்து, பாதி திறந்த நிலையில், அச்சுப் பக்கம் கீழே வரும்படி மின்விசிறி முன்னால் ஒரு மணி நேரம் வையுங்கள். தலை உலர்த்தும் கருவி இருந்தால் பத்து நிமிடம் இளஞ்சூட்டில் காட்டினால் போதும். அடுப்பு மேல் வைக்காதீர்கள். கைப்பிடி பிளக்கும், பிளாஸ்டிக் நெளியும், அலகு அதிகம் சூடேறினால் எஃகின் பதமே போய்விடும்.

மூன்றாம் படி: எண்ணெய்

*எந்த எண்ணெய்?*

தையல் மெஷின் எண்ணெய் போதும். நிறமில்லாதது, மெல்லியது, பிசுக்கு ஏறாது, எந்தச் சீனர் கடையிலும் கிடைக்கும். பழம் நறுக்கும் கத்திக்கு மருந்துக்கடையில் விற்கும், உள்ளுக்குக் குடிக்கக்கூடிய தரத்துக் கனிம எண்ணெய் நல்லது.

சமையல் எண்ணெய் வேண்டாம். நம் அடுப்படியில் இருப்பது அநேகமாகச் செம்பனை எண்ணெய். காற்றுப் பட்டுப் பட்டு அது பிசினாகிவிடும். எண்ணெய்ச் சட்டியின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தால் உங்கள் அச்சு எப்படி ஆகும் என்று தெரியும். நல்லெண்ணெய் அதைவிடச் சீக்கிரம் பிசுக்கு ஏறும். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தாங்கும், அவசரத்துக்கு ஒரு நாள் சரி.

டபிள்யூடி-40 பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 1953-இல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்டுவதற்காகவே உருவாக்கியது அது. ஈரத்தை விரட்ட, துருவை இளக்க அருமையான பொருள். அதிலுள்ள பெரும்பகுதி ஆவியாகிவிடும் என்பதால் மசகாக நாள்பட நிற்காது. அதை அடித்தால் துடைத்துவிட்டு, மேலே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள்.

மோட்டார் சைக்கிளின் பழைய இஞ்சின் எண்ணெயைத் தொடவே வேண்டாம். அதில் உலோகத்தூளும் கரியும் கலந்திருக்கும். வழவழப்பு இருக்கும், கூடவே அரைக்கவும் செய்யும்.

*எப்படி, எவ்வளவு?*

1. கத்தியைப் பாதி திறந்து பக்கவாட்டில் படுக்கவையுங்கள்.
2. பல்குச்சியின் நுனியை எண்ணெயில் தொட்டு, அலகும் கைப்பிடியும் உரசும் இடுக்கில் வையுங்கள். சொட்டு தானாக உள்ளே இழுபடுவதைப் பார்க்கலாம். பக்கத்துக்கு ஒரு சொட்டு போதும்.
3. மறுபக்கமும் அப்படியே.
4. முதுகு வில்தகடு உள்ள கத்தியானால், அலகின் அடி அந்த வில்லில் உரசும் இடத்தில் இன்னொரு சொட்டு. இதைப் பலரும் மறப்பார்கள். அச்சில் எவ்வளவு விட்டாலும் இங்கே வறண்டிருந்தால் கத்தி கடினமாகவே இருக்கும்.
5. இருபது முப்பது முறை திறந்து மூடுங்கள். ஓரத்தில் கறுப்பாக எண்ணெய் பிதுங்கினால் உள்ளே இன்னும் அழுக்கு இருக்கிறது. துடைத்து, மறுபடி ஒரு சொட்டு விட்டு, தெளிந்த எண்ணெய் வரும்வரை செய்யுங்கள்.
6. வெளியே உள்ளதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். கையில் எண்ணெய் ஒட்டினால் அது அதிகம். அந்த மிச்சம்தான் நாளைக்குச் செம்மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

*எச்சரிக்கை:* பூட்டுத் தகடு அலகின் அடியில் வந்து முட்டும் முகத்தில் எண்ணெய் வைக்காதீர்கள். அந்த இடம் வழுக்கினால், அழுத்தி வெட்டும்போது பூட்டு நழுவி அலகு விரல்மேல் மடங்கும். எண்ணெய் பட்டிருந்தால் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள்.

நான்காம் படி: திருகாணி

இது திருகாணிக் கத்திக்கு மட்டும். அதிலும் மேலே சொன்ன மூன்றும் முடிந்த பிறகு.

1. திருப்புளி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்தக் கத்திகளில் பெரும்பாலும் டி6, டி8, டி10 அளவுகள் வரும். பொதுவாகச் சிறியவை கைப்பிடித் தகடுகளைச் சேர்க்கும் உடம்புத் திருகாணிகளுக்கு, பெரியது அச்சுக்கு. துளைக்குள் திருப்புளி ஆடினால் திருகாதீர்கள். தலை வழுக்கிப் போனால் பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

2. தொடங்கும் முன் திருகாணித் தலையிலும் கைப்பிடியிலும் நேருக்கு நேராக ஒரு பேனாப் புள்ளி வையுங்கள். வழி தவறினால் திரும்பி வர அதுதான் அடையாளம்.

3. சில கத்திகளில் அச்சின் இரு பக்கமும் திருகாணி இருக்கும். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் சேர்ந்து சுழலும். இரண்டு திருப்புளி வேண்டும்.

4. திருகாணி அசையவே இல்லையென்றால் கம்பெனியிலேயே பசை போட்டிருப்பார்கள். சூடான சாலிடரிங் முனையைத் தலையில் அரை நிமிடம் வைத்துவிட்டுத் திருகுங்கள். தம்பிடித்து முறுக்க வேண்டாம்.

5. இடப்பக்கம் அரைக்கால் சுற்று. அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். ஒவ்வொரு திருப்புக்குப் பிறகும் திறந்து மூடிப் பாருங்கள்.

6. ஆட்டம் பார்க்கும் விதம்: கத்தியைத் திறந்து பூட்டி, அலகின் முதுகைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் தளர்வு அதிகம், சிறிது இறுக்குங்கள். மேலும் கீழுமாக ஆட்டம் இருந்தால் அது அச்சுத் திருகாணியின் குற்றமில்லை, பூட்டு தேய்ந்திருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் அது போகாது.

7. அலகு நடுவில் நிற்கிறதா என்று மூடிய நிலையில் மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கத் தகட்டை உரசிக்கொண்டிருந்தால் முதலில் உடம்புத் திருகாணிகளை எல்லாம் ஒருமுறை தளர்த்தி, அலகை நடுவில் வைத்துக்கொண்டு மாறிமாறிச் சமமாக இறுக்குங்கள். பெரும்பாலும் நேராகிவிடும்.

8. சரியான இடம் கிடைத்தபின் அது அங்கேயே நிற்க வேண்டும். திருகாணியை வெளியே எடுத்து, மரையை ஸ்பிரிட்டால் துடைத்து, நீல நிற லாக்டைட்டைக் குண்டூசித் தலை அளவு மரையில் மட்டும் வைத்துப் பூட்டுங்கள். மறுநாள் வரை கத்தியை ஓய்வில் விடுங்கள். சிவப்பு லாக்டைட் வேண்டாம், நன்றாகச் சுடவைக்காமல் பிறகு கழலாது. வாஷரில் சொட்டினால் கத்தி மொத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

முழுக்கக் கழற்றிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். கழுவியும் அரைக்கும் சத்தம் போகாதபோது மட்டும் கழற்றுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் அடுக்கி, கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில கத்திகளில் வாஷருக்குப் பதில் சின்னக் குண்டு பேரிங் இருக்கும். அதிலிருந்து ஒரு குண்டு தெறித்துப் போனாலும் கதை முடிந்தது.

*எவ்வளவு தளர்வு போதும்?* கட்டைவிரலால் தள்ளினால் தடையில்லாமல் போக வேண்டும். பூட்டை விட்டதும் அலகு தொபுக்கென்று விரல்மேல் விழக் கூடாது. மூடிய கத்தியைக் குப்புறப் பிடித்து உதறினால் திறந்துகொள்ளவே கூடாது. பையில் தானாகத் திறக்கும் கத்தி தொடையைக் கிழிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் சட்டம். மலேசியாவில் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியும் உதறினால் விழுந்து திறக்கும் கத்தியும் அதன் அட்டவணையிலேயே வருகின்றன. தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. வேலைக்கு வேண்டிய கத்தியை வேலைக்குப் போகும்போது கருவிப்பையில் எடுத்துப்போங்கள். சிரம்பானுக்குச் சினிமா பார்க்கப் போகும்போது வீட்டிலேயே இருக்கட்டும்.

ஆணி அடித்த கத்தி தளர்ந்தால்

இறுக்கத்துக்கு இங்கே மருந்து கழுவுதலும் எண்ணெயும் மட்டும். எண்ணெய் விட்டு நூறு முறை திறந்து மூடினால் இளகிவிடும்.

தளர்வுக்கு: ஆணித்தலையின் ஒரு பக்கத்தைத் தடித்த இரும்பின்மேல் படியவைத்து, மறுதலையில் உருண்டைத் தலைச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. திறந்து பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு தட்டு. அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் இறுகிப்போகும். இறுகிய ஆணியைத் தளர்த்துவது தட்டி இறுக்குவதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். எலும்பு, கொம்புக் கைப்பிடியானால் இதைச் செய்யாதீர்கள், விரிசல் விடும்.

மரம் ஊறிய வளையக் கத்தி

ஓபினல் கைப்பிடியில் பெரும்பாலும் வரும் பீச் குளிர்நாட்டு மரம். நம் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து உப்பி, அலகை இரு பக்கமும் நெரிக்கும். பிரான்சின் சவோய் மலைக்காரர்கள் இதற்குச் செய்யும் வித்தை ஒன்று உண்டு. வளையத்தைத் திறப்பு நிலைக்குத் திருப்பி, அலகு இடுக்கு கீழ்ப்பார்க்க, கைப்பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் தட்டுவார்கள். அலகின் முதுகு வெளியே எட்டிப்பார்க்கும். பிறகு பிடித்து இழுக்கலாம்.

நிரந்தரமாகச் சரிசெய்ய:

1. கத்தியைப் பாதி திறந்து இரண்டு மூன்று நாள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். குளிர்சாதன அறை இருந்தால் மிக நல்லது. வெயிலில் வைக்காதீர்கள்.
2. உலர்ந்த பிறகும் நெரித்தால் 400 நம்பர் மணல்தாளை மடித்து இடுக்குக்குள் விட்டு, அலகு உரசிப் பளபளக்கும் இடத்தை மட்டும் சில இழுப்பு தேயுங்கள். அதிகம் தேய்த்தால் மழை நின்றதும் அலகு ஆடும்.
3. தூளை ஊதிவிட்டு, இடுக்கின் உட்சுவரில் வாசலினை மெல்லப் பூசுங்கள். இனி ஈரம் எளிதில் ஏறாது.
4. வளையத்தின் உட்பக்கத்திலும் துளி எண்ணெய்.

இந்தக் கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது.

பட்டிங் கத்திக்குத் தனி விதி

நர்சரியில் மொட்டு எடுக்கும் அலகில் எண்ணெய்ப் பூச்சு இருக்கக் கூடாது. ஆர்ஆர்ஐஎம் 600 ஆனாலும் வேறு எந்த ரகமானாலும், கன்றின் பட்டைக்கு அடியில் உள்ள பரப்புக்கும் மொட்டின் உட்பக்கத்துக்கும் நடுவே எதுவும் வராமல் இரண்டும் நேராகத் தொட்டால்தான் பிடிக்கும். எண்ணெய் பட்ட மொட்டு கறுத்துப்போகும். அச்சில் எண்ணெய் விட்ட அன்றே ஒட்டுக் கட்டப் போவதானால் அலகை ஸ்பிரிட் துணியால் அடியிலிருந்து நுனிவரை இரண்டு முறை துடையுங்கள். முதல் சில வெட்டுகளை வேண்டாத கிளையில் போட்டுப் பார்த்துவிட்டு வேலையில் இறங்குங்கள். பட்டையை நெம்பும் மறுமுனைத் தகடும் மடங்கும் வகையானால் அதன் அச்சையும் கழுவ மறக்காதீர்கள். பால் முதலில் சேருவது அங்கேதான்.

வைக்கும் இடம்

தோலுறையில் வைத்து மாதக்கணக்கில் விடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து அலகோடு ஒட்டவைக்கும். வேலைக்கு இடையில் உறை சரி, வீட்டில் திறந்த தட்டு நல்லது. பிஸ்கட், கடற்பாசிப் பொட்டலங்களில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் கத்தியோடு போட்டு வைத்தால் மழைக்காலத்தையும் தாண்டிவிடலாம்.

தினம் பயன்படுத்தும் கத்திக்கு நாள்தோறும் துடைப்பு, வாரம் ஒரு கழுவல், மாதம் ஒரு சொட்டு எண்ணெய் கணக்காகும். உரமோ பாலோ அமிலமோ பட்ட நாள் இந்தக் கணக்கில் சேராது, அன்றைக்கே கழுவ வேண்டும்.

பூட்டுத் தகடு அலகின் அடியை ஓரத்தில் மட்டும் தொட்டு நின்றாலோ, அலகின் முதுகைக் கையால் மிதமாக அழுத்தும்போது பூட்டு விட்டாலோ, ஆணியைச் சுற்றிக் கைப்பிடியில் விரிசல் தெரிந்தாலோ எண்ணெயும் திருகாணியும் உதவாது. அந்தக் கத்தியை டேப்பால் முழுக்கச் சுற்றி, குப்பை எடுப்பவர் கை அறுபடாதபடி ஒரு டின்னில் அடைத்துப் போட்டுவிட்டு வேறொன்று வாங்குங்கள்.